கோர்வைப் பக்கம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் காலையில் ஷட்டர் தூக்கியது முதல் இரவு விளக்கணைக்கும்வரை காதில் விழுகிற சொல் ஒன்று உண்டு. "பெரிய பார்டர் காட்டுங்க." "கான்ட்ராஸ்ட் பார்டரா, செல்ஃப் பார்டரா?" "அம்மாவுக்கு எடுக்கிறது, சின்ன பார்டர் போதும்." சேலையின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பே பார்டரைக் கேட்கிறார்கள். விலை அதற்கும் அப்புறம்தான்.

நாலு கடை தள்ளி மருந்துக்கடையில் ஒருவர் சீட்டை நீட்டுகிறார்: "சுகர் பார்டர்ல இருக்குதாம், மாத்திரை எழுதலை." பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் இன்னொரு தாயிடம்: "கணக்குலதான் பார்டர் பாஸ்." நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி, பிள்ளை 36 எடுத்திருக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் திருத்தணிப் பக்கம் போகிற ஒருவர் போனில் "ஆந்திரா பார்டர் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்கிறார். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க நிறத்தில் பார்டர் கேட்கிறார்கள். அதே மேசையில் காய்ந்துகொண்டிருக்கிற கண்ணீர் அஞ்சலிக்குக் கறுப்பில்.

ஒரே சொல்தான். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சில மாதங்களாக அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நின்று, அது என்ன வேலை பார்க்கிறது என்று குறித்து வைக்கிறேன்.

*

தமிழில் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். நாட்டுக்கு எல்லை, வயலுக்கு வரப்பு, ஏட்டுக்கு விளிம்பு, பேச்சுக்கு வரம்பு. சேலைக்குக் கரை. ஆறு, ஏரி, கடல் மூன்றுக்கும் அதே கரை.

காஞ்சி, செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகளின் சீமை. பல்லவர் காலம்தொட்டு வெட்டிய ஏரிகள் இன்னும் நிற்கின்றன. கடலோரத்துக்காரனுக்குக் கரை என்றால் அலை வந்து தொடுகிற இடம். இந்தப் பக்கத்து உழவனுக்கு அது மண் கொட்டி, மிதித்து, வருஷா வருஷம் பழுது பார்க்கிற ஒன்று. கரை இருக்கிறவரைதான் ஏரி. உடைந்துவிட்டால் பெயர் மட்டும் வரைபடத்தில் இருக்கும்.

சேலையிலும் கரைக்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஜரிகை போட்ட கரையின் கனத்தில்தான் கொசுவம் நேராக விழுகிறது, சேலை காலடியில் அலையாமல் நிற்கிறது. வாங்குகிறவர் கண்ணால் பார்க்கிற கரையைக் கட்டுகிறவர் இடுப்பிலும் காலிலும் உணர்கிறார்.

உப்பு தண்ணீரில் கரைவதற்கும் இதே எழுத்துகள்தான். நிறுத்திப் பிடிப்பதும் கரை, பிடி விட்டுக் கலந்து போவதும் கரை. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

*

கோர்வைக் கரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும்.

பச்சை உடல், அரக்குக் கரை என்று வைத்துக்கொள்வோம். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, பூட்டும்போதே நடுவில் பச்சை இழை, இரு ஓரத்திலும் அரக்கு இழை. இதில் ஒரே பச்சை ஊடையை, அதாவது குறுக்கிழையை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாலும் துணி வந்துவிடும். ஆனால் ஓரங்களில் அரக்குப் பாவும் பச்சை ஊடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் இல்லாத மூன்றாவது நிறம் மினுங்கும். பல சேலைகள் அப்படித்தான் நெய்யப்படுகின்றன. அதற்கும் ஓர் அழகு இருக்கிறது.

கோர்வைக்கு அந்தக் கலப்பு ஆகாது. அரக்குப் பாவுக்கு அரக்கு ஊடை, பச்சைப் பாவுக்குப் பச்சை ஊடை. அதனால் ஊடையைச் சுமந்து ஓடுகிற நாடா மூன்று வேண்டும். நடுவுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. மிதியை அழுத்தியதும் பாவு வாய் திறக்கிறது. உடல் நாடா பச்சைக்குள் ஓடி, அரக்கு தொடங்குகிற இடத்தில் நின்றுவிடுகிறது. கரை நாடா எதிரே வந்து, பச்சை இழையைத் தன் இழையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. இந்தப் பிடி சரியாக விழுந்ததா என்று விரல் ஒரு கணம் தொட்டுப் பார்க்கிறது. இழுப்பு கூடினால் ஓரம் சுருங்கும். குறைந்தால் இரண்டுக்கும் நடுவே கண் விடும். பிறகு பலகை வந்து ஓர் அடி. அடுத்த இழை. மறுபடி பிடி.

ஆறு கெஜம் முழுக்க, ஊடை இழை ஒவ்வொன்றுக்கும், இரண்டு பக்கமும்.

நெய்து முடித்த சேலையின் உள்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேருகிற கோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்தினால் சிறு மேடு ஒன்று தட்டுப்படும். இரண்டு ஊடைகளும் ஒன்றையொன்று பிடித்திருக்கிற இடம் அது. கடையில் வெளிப்பக்கத்தைத்தான் விரித்துப் போடுவார்கள். கேட்டால் உள்பக்கமும் காட்டுவார்கள். கேட்க வேண்டும்.

தையல் கிடையாது. ஒட்டு கிடையாது. உடல் நைந்து போன சேலையில்கூடக் கரை தனியாகக் கழன்று வராது என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு நியாயம் இருக்கிறது. பாட்டியின் கூறைப்புடவை கிழிந்த பிறகு, கரையை மட்டும் வெட்டி எடுத்துப் பேத்தியின் பாவாடைக்கு வைத்துத் தைக்கிறார்கள். கரை அப்போதும் புதிதாக இருக்கும்.

*

முந்தானைப் பக்கம் இன்னொரு சேர்க்கை. அங்கே பாவே நிறம் மாற வேண்டும். பச்சைப் பாவின் ஒவ்வோர் இழையோடும் அரக்குப் பாவின் ஓர் இழையைக் கோத்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, பிறகு பச்சையை வெட்டி விலக்குகிறார்கள். பெட்னி என்று பெயர். அந்த இடத்தில் துணி கொஞ்சம் தடித்திருக்கும். போலிச் சேலையில் அந்தத் தடிப்பு இருக்காது. பெட்னி போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

*

கரைகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் பிடிக்கும். தாழம்பூ ரேக்கு. ருத்ராட்சம். மயில்கண். வைர ஊசி. ரெட்டைப்பேட்டு. இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமென்றால் கங்கா ஜமுனா. கோபுரக் கரையில் சேர்க்கைக் கோடு நேராக ஓடாமல் முக்கோண முக்கோணமாக ஏறி இறங்கும். உடலின் நிறம் கரைக்குள்ளும் கரையின் நிறம் உடலுக்குள்ளும் புகுந்து நிற்கும்.

ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் 59 மீட்டர். அதன் நிழல் விழுகிற தெருக்களில் அதன் வடிவம் விரல் நீளத்துக்குச் சுருங்கி, தறியில் வரிசையாக நிற்கிறது.

*

என் பெரியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. பிள்ளையார்பாளையத்தில் வீடு. பெரியப்பா நெய்கிறார், பெரியம்மா கோர்வை போடுகிறார். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இதுதான்.

நாலடி அகலத் துணியில் இடப்பக்கக் கரையையும் உடலையும் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். வலக்கோடிக்கு அவருடைய கை எட்டாது. எட்டினாலும் அந்தப் பிடியைப் பார்த்துப் போட முடியாது. கயிற்றை இழுத்தால் தானாக ஓடுகிற நாடாவும் இதற்கு உதவாது, நடுவில் நிற்கத் தெரியாத நாடா அது. அதனால் வலப்பக்க ஓரத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். இவர் மிதிக்கும்போது அவர் தயாராக இருக்க வேண்டும். இவர் இழுத்த இழுப்பை அவர் கை அறிந்திருக்க வேண்டும். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பாட்டின் தாளம் ஒன்று, தறியின் தாளம் ஒன்று.

"நான் எழுந்திரிச்சிப் போய்ட்டா தறி நிக்கும்" என்றார் ஒருமுறை. குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தார். அது பொங்குவதற்குள் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சொன்னார்.

*

பெரியம்மா உட்காருகிற அந்த இடத்தில் முன்பு பல வீடுகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இதை எழுதாமல் காஞ்சிப் பட்டின் கரையைப் பற்றி எதையும் எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

வலக்கோடி நாடாவுக்குச் சின்ன விரல் போதும். சின்ன விரலுக்குக் கூலியும் சின்னது. பெற்றோருக்கு ஏதோ ஒரு செலவு வரும், கல்யாணமோ சாவோ வைத்தியமோ. தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். பிள்ளை போய் ஓரத்தில் உட்காரும். கூலியில் கடன் கழியாது. முன்பணம் அப்படியே நிற்க, பிள்ளை மட்டும் வளரும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இது நடந்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் போய்ப் பார்த்த ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று.

சோதனைகள் வந்தன, வழக்குகள் வந்தன, வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் திறந்தார்கள், மதிய உணவு, சீருடை, தெருத்தெருவாகப் போய்ப் பெயர் சேர்த்த ஆசிரியர்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஓரத்தைக் காலி செய்தன. இந்த ஊரில் என் வாழ்நாளில் நடந்த காரியங்களில் இதைவிட நல்லது எதையும் நான் அறியேன்.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2008-இல் வந்தது. பட்டு நெய்கிற தகப்பன் மகளின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச் சேலை நெய்துவிட ஆசைப்படுகிற கதை. அதற்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான விருதும் கிடைத்தன. நெய்கிறவன் உடுத்த முடியாத பட்டு என்ற துயரம் அதனால் நாடு முழுக்கத் தெரிந்தது. வலக்கோடியில் இருந்த பிள்ளைகளின் கதைக்கு, நான் அறிந்தவரை, இன்னும் ஒரு படம் வரவில்லை.

கல்யாண வீடுகளில் பழைய பட்டுச் சேலைகளைப் பார்க்கும்போது, எண்பதுகளில் எடுத்தது, எழுபதுகளில் எடுத்தது என்று பெருமையாகச் சொல்லும்போது, என் கண் முந்தானையிலிருந்து விலகி வலக்கரைக்குப் போய்விடுகிறது.

*

அவர்கள் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மனைவி, தங்கை, மருமகள். வெளியாளைக் கூலிக்கு வைத்தால் கட்டுப்படியாகாது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசித் தருவது. தறியில் ஒருவர் உட்கார்ந்தாலும் இருவர் உட்கார்ந்தாலும், அது ஒரு தறி.

*

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பெரியம்மா வீட்டுக்கும் ஒரு பெண் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். தறிக்குப் பக்கத்திலேயே பெரியம்மாவின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்தார். வெறும் வயிற்றில் 106. "பார்டர்லதான் இருக்கு, பயப்படாதீங்கம்மா" என்றார்.

அந்த 106-ஐப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 2003 வரை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 110-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அந்த வருஷம் கோட்டை 100-க்கு இறக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 110-இலேயே நின்றுவிட்டது. ஆகவே பெரியம்மாவின் 106 ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. கோடு எங்கே என்பதை எங்கோ ஓர் அறையில் பேசி முடிவு செய்தார்கள். நல்ல காரணத்தோடுதான், முன்கூட்டியே கவனித்தால் பின்னால் வருகிற கேட்டைத் தள்ளிப்போடலாம் என்றுதான்.

பெரியம்மா இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பார்டர் என்றதும் அவருக்குப் பயம் வரவில்லை. "பார்டர்னா பாத்துப் போடணும், அவ்ளோதானே" என்றார். காலைக் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். சாயங்காலம் கச்சபேஸ்வரர் கோயில்வரை நடக்கிறார்.

*

மார்கழியில் வாசல் கோலத்துக்குச் செம்மண் பூசிக் கரை கட்டுகிறார்கள். வெள்ளைக் கோலம் அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. எட்டு மணிக்குள் சைக்கிளும் ஆட்டோவும் ஏறி அதைக் கலைத்துவிடும். மறுநாள் மறுபடி கட்டுகிறார்கள்.

*

திருத்தணி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடி, பேச்சு நடந்து, சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் திரும்பியது. தெற்கே செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்தது. அங்கே பிரானூரில் பார்டர் என்பது ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பரோட்டாவுக்கும் அந்தப் பெயரே. சென்னையில்கூட 'பார்டர் பரோட்டா' என்று பலகை வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் எந்த எல்லையும் இல்லாமல்.

கோடு போட்டவர்கள் மொழியை வைத்துப் போட்டார்கள். அது நியாயமான காரியம், அதற்காகச் சிறை சென்றவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தறித் தெருவில் அந்தக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம் கலந்த ஒரு பேச்சு. தலைமுறை தலைமுறையாக நெய்கிறவர்கள். தறிக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே சொற்கள்: பாவு, ஊடை, நாடா, கோர்வை.

சேலையும் அப்படித்தான். பட்டு இழை பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையில் பெரும்பங்கு குஜராத்தின் சூரத்திலிருந்து. இந்த ஊரிலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலையும் ஓடுகிறது. சாயமும் தறியும் கையும் காஞ்சிபுரம். 2005-06-இல் புவிசார் குறியீடு கொடுத்து இது இந்த ஊர்ச் சரக்கு என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த உரிமையை இந்த ஊருக்கு வாங்கித் தந்தது இங்கே நெய்கிற விதம். இழைகள் எல்லை தாண்டி வந்தவை.

ஊருக்குள்ளும் கோடுகள் உண்டு. பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி. வேகவதியைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம், சமணர்களின் காஞ்சி. பட்டின் தலைநகரத்துக்குப் பக்கத்தில் பருத்தியின் பெயரில் ஓர் ஊர் நிற்கிறது. அங்கிருக்கிற திரைலோக்கியநாதர் கோயிலின் கூரை ஓவியங்களை ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்க வேண்டும். தீர்த்தங்கரர் கதையில் வருகிற பெண்களின் உடைகளுக்கு ஓவியர் எவ்வளவு பொறுமையாகக் கரை தீட்டியிருக்கிறார்!

*

கரைக்காக அரசியலும் நடந்திருக்கிறது.

சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்தில் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர்கள் பட்டினியில் விழுந்தார்கள். மில் துணி மலிவு. அப்போது எழுந்த கேள்வி: மில் எதை நெய்யக்கூடாது? விடை ஓரத்தில்தான் தேடப்பட்டது. வெறும் துணியை மில் நெய்துகொள்ளட்டும், கரை போட்ட வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு விட்டுவிட வேண்டும் என்று முதலமைச்சராக இருந்த ராஜாஜி கேட்டார். முழுதாகக் கிடைக்கவில்லை; மத்திய அரசு 1952-இல் மில்களின் வேட்டி உற்பத்தியை 60 சதவீதமாகக் கட்டுப்படுத்தியது. அதே நாட்களில் அண்ணாவும் அவருடைய கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு பேர். நெசவாளி வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. விசைத்தறி உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சட்டம் இன்றும் இருக்கிறது. விசைத்தறியில் ஓட்டிய 'காஞ்சிபுரம்' சேலை கடைகளில் கிடைப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா இந்த ஊர்க்காரர். 1909-இல் இங்கே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். திராவிட நாடு என்று தனி எல்லை கேட்டவர் அவர். 1962-இல் வடக்கே சீனப்படை எல்லை தாண்டியபோது, வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற எண்ணத்தோடு போரில் நேருவின் அரசுக்குத் துணை நின்றார். மறுவருஷம் கட்சி தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கோட்டைக் கைவிட்டார், கோரிக்கையின் காரணங்களைக் கைவிடவில்லை. மொழியும் மாநில உரிமையும் கடைசிவரை அவர் பேச்சில் இருந்தன. இந்த இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்குப் பின் வந்த கட்சிகள் வேட்டியின் கரையில் குடியேறின. கறுப்பு சிவப்பு. நடுவே வெள்ளை சேர்ந்தால் இன்னொரு கட்சி. பஸ் நிறுத்தத்தில் எதிரே வருகிறவரின் முகம் தெரிவதற்குள் கணுக்காலில் கட்சி தெரிந்துவிடுகிறது. அந்தக் கரைகளையும் யாரோ நெய்கிறார்கள். ஈரோட்டிலோ சேலத்திலோ, ஒரே தறியில் இந்த வாரம் இது, அடுத்த வாரம் அது.

*

பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் தறிக்கு வரவில்லை. ஒருவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான். இன்னொருத்தி நர்ஸ். பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தறி இருட்டுக் குழியில் கிடக்கட்டும், பிள்ளை வெளிச்சத்துக்குப் போகட்டும் என்று அவரே படிக்க வைத்தவர். தெருவில் பாதி வீட்டுக் கதை இதுதான். காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டுவது அபூர்வமாகிவிட்டது. கம்பெனி பஸ்கள் அந்த நேரத்தில் நிற்கின்றன.

கோர்வை குறைகிறது. ஆள் இல்லாமல் குறைகிறது. ஓர் ஆள் நெய்யக்கூடிய கரைகளை, ஒரே நாடா ஓடுகிற கரைகளைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். சீக்கிரம் வந்துவிடும், விலையும் கட்டும். வலப்பக்க ஆள் இல்லாமலே கோர்வை விழ வைக்கிற கருவிகளையும் தறியில் பொருத்திப் பார்க்கிறார்கள். வரட்டும். அந்த ஓரத்தில் பிள்ளையோ முதுகு வலிக்கிற கிழவியோ உட்காராமல் கரை நெய்ய ஒரு வழி கிடைத்தால், அதை வரவேற்கிறவர்களில் நானும் இருப்பேன். கருவி வரும்வரை உட்கார்ந்திருக்கிறவரின் கணக்கு மட்டும் எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இல் நடந்தது. நெசவாளர்கள் 26.73 லட்சம் பேர், துணைத் தொழிலாளர்கள் 8.48 லட்சம் பேர் என்று எண்ணிச் சொன்னார்கள். மொத்தத்தில் பெரும்பகுதி பெண்கள். அந்தப் படிவத்தோடு யாராவது பிள்ளையார்பாளையத்துக்கு வந்து நின்றால், பெரியம்மா எந்தக் கட்டத்துக்குள் வருவார்? தார் சுற்றுவதும் பாவு ஓட்டுவதும் துணைத் தொழில். அவர் சேலையின் ஒரு கரையை முழுதாக, இழை இழையாக, நாற்பது வருஷம் நெய்திருக்கிறார். நெசவாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை பெரியப்பா பெயரில். கூலிச் சீட்டும் அவர் பெயரில். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அவ இல்லன்னா எனக்குச் சேலையே இல்ல. எழுதச் சொல்லு, எழுதட்டும்" என்றார்.

கோ-ஆப்டெக்ஸ் சில ஆண்டுகளுக்கு முன் பட்டுச் சேலையோடு ஓர் அட்டை வைக்கத் தொடங்கியது. நெய்தவர் பெயர், படம், ஊர். வாங்குகிறவர்கள் அதை எடுத்து வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கம்; தனியார் கடைகளும் அதைச் செய்யலாம். அந்த அட்டையில் நெய்தவர் என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. 'கோர்வை' என்று போட்டு, எதிரே பெயரை எழுத வேண்டும்.